சிங்கமுகப் பக்கிள்

அவன் பெயரை நான் எழுதப் போவதில்லை. பெயர் வைத்தது அவனைப் பெற்ற ஆத்தா. அந்த மனுஷி நல்லவள், அவளை எதற்கு இதில் இழுக்க வேண்டும்? முறைக்கு எனக்கு மாமா. அப்பாவின் ஒரே தங்கையைக் கட்டியவன். ‘அவர்’ போட்டுத்தான் எழுத ஆரம்பித்தேன். இரண்டு வரி தாண்டவில்லை, அடித்துவிட்டேன். நேரில் பார்த்த நாளெல்லாம் ‘வாங்க மாமா, உக்காருங்க மாமா’ என்று வாய் வலிக்க மரியாதை கொடுத்தாயிற்று. எழுதும்போதாவது கை அதன் இஷ்டத்துக்குப் போகட்டும்.

அவனை நினைத்தால் எனக்கு முகம் ஞாபகத்துக்கு வராது. வயிறு வரும், வயிற்றுக்கு நடுவில் பெல்ட்டின் பக்கிள் வரும். உள்ளங்கை அகலம் இருக்கும், தங்க முலாம் பூசிய சிங்கத் தலை. இரண்டு வருடத்தில் முலாம் உதிர்ந்து, மூக்கு தேய்ந்து, சிங்கம் பூனையாகிவிட்டது. அவனுக்கு மட்டும் கடைசிவரை சிங்கம்தான். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டு வாசலில் அவன் காலடி வைப்பதற்கு முன்னால் அதுதான் உள்ளே வரும். எங்கள் அப்பாவின் வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லாமல் போனதற்கும் அந்தப் பக்கிள்தான் காரணம். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். இவள் ஏன் இப்படிக் கரித்துக்கொட்டுகிறாள் என்று யாரும் குழம்ப வேண்டாம்.

கம்பத்தில் குடியிருந்தான். குமுளிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் சூப்பர்வைசர் வேலை. விடியற்காலையில் ஜீப்பில் பெண்களை நெருக்கி அடைத்து மலைக்கு ஏற்றிக்கொண்டு போவான், சாயங்காலம் கொண்டுவந்து இறக்குவான். நடுவில் அவன் செய்த வேலை, இரண்டு கட்டைவிரலையும் பெல்ட்டுக்குள் சொருகிக்கொண்டு நிற்பது. மலையாளத்தில் நாலு வார்த்தை தெரியும். அந்த நாலையும் நம் ஊர் டீக்கடையில் செலவழிப்பான். பக்கிளைப் பற்றி யாராவது கேட்டால் போதும், ‘மொதலாளி தந்நதா’ என்பான். துபாயிலிருந்து முதலாளி தனக்கென்றே வாங்கி வந்ததாம். குமுளி பஸ் ஸ்டாண்டு பக்கம் தரையில் துணி விரித்து விற்றவனிடம் அரைமணி நேரம் பேரம் பேசி வாங்கியது என்று ஜீப் டிரைவர் எங்களிடம் சொல்லியிருந்தார். அவன் முதலாளி கதை சொல்லும்போதெல்லாம் நாங்கள் தலையாட்டிக் கேட்டுக்கொள்வோம். வீட்டு மாப்பிள்ளை ஆயிற்றே.

அது ஓட்டை போட்ட சாதாரணப் பெல்ட் இல்லை. நுனியைப் பக்கிளுக்குள் விட்டு இழுத்தால் உள்ளே இருக்கிற பல் கடித்துக்கொண்டே போகும். இறுகுமே தவிரத் திரும்பாது. கழற்ற வேண்டுமானால் சிங்கத்தின் தாடைக்கு அடியில் சின்னதாக ஒரு நாக்கு இருக்கும், அதை நகத்தால் நெம்ப வேண்டும். அது பாதி நாள் நெம்பாது. ஒரு கல்யாணத்தில் மூக்குப் பிடிக்கத் தின்றுவிட்டுப் பின்பக்கம் ஒதுங்கப் போனவன் பெல்ட் கழலாமல் அங்கேயிருந்து கூப்பாடு போட்டான். அத்தை ஓடிப்போய்க் கொண்டை ஊசியால் குத்திக் கழற்றிவிட்டாள். வெளியே வந்தவன் கை கழுவிக்கொண்டே, நல்ல சாமான் என்றால் அப்படித்தான் லேசில் விடாது என்று எங்களுக்கே பாடம் எடுத்தான். விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டாத ஜாதி.

அந்தப் பக்கிளை வைத்து அவன் செய்யாத காரியம் கிடையாது. செருப்பில் அப்பிய சேற்றைச் சுரண்டுவான். மொபெட்டின் திருகாணியைத் திருகுவான், திருகாணியின் தலை தேய்ந்து அப்புறம் மெக்கானிக்காலும் கழற்ற முடியாமல் போகும். சந்தையில் தேங்காயைப் பக்கிளால் தட்டிப் பார்த்து முற்றலா இளசா என்று தீர்ப்புச் சொல்வான், உடைத்தால் உள்ளே அழுகியிருக்கும். எங்கள் வீட்டில் காலண்டர் மாட்ட ஆணி அடிக்கிறேன் என்று ஆரம்பித்துச் சுவரில் ஒரு சாண் காரையைப் பெயர்த்தான். சுத்தியல் இருந்தது. அவன் காலடியிலேயே இருந்தது.

ஒன்றுவிட்ட அண்ணனின் நிச்சயதார்த்தத்தில் கலர் பாட்டில்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. மூடி திறக்கிற சாவியும் கூடவே கயிற்றில் தொங்கியது. அதைத் தொடக்கூடாது என்று ஒதுக்கிவிட்டுப் பெல்ட்டைக் கழற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நாலாவது பாட்டிலிலேயே கழுத்து உடைந்தது. கண்ணாடித் துண்டு உள்ளே விழுந்ததை எல்லோரும் பார்த்தோம். கொட்டுவானா? கைக்குட்டையை விரித்து டம்ளரில் வடிகட்டினான். ‘கனமான சாமான் அடியில தங்கிரும், மேலாக் குடிங்க’ என்று பெண் வீட்டுக்காரர் ஒருவரிடமே நீட்டினான். அந்த மனிதர் வாங்கித் தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் ஊற்றிவிட்டு, குடித்தது மாதிரி வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கு முகம் கோணக்கூடாது என்பது அவருக்கும் தெரிந்திருந்தது.

வெளியே இருந்த வீரம் தனி ரகம். கம்பத்துக்குப் போகிற டவுன் பஸ்ஸில் ஒருமுறை அவனோடு வந்தேன். இறங்க வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே கம்பியில் பக்கிளால் படபடவென்று தட்டினான். என்னவோ ஏதோ என்று டிரைவர் பிரேக்கை மிதிக்க, கீரைக் கூடையோடு நின்ற ஒரு அம்மா முன்னால் போய் விழுந்தார். கண்டக்டர் வந்து வாயில் வந்ததை எல்லாம் கேட்டார். இவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ‘தெரியாமப் பண்ணிட்டேன் சார்’ என்று முனகினான். பஸ் நகர்ந்து தூசி அடங்கட்டும் என்று காத்திருந்துவிட்டு, ‘பாத்தியா, கண்டக்டரு எப்பிடி வெலவெலத்துப் போயிட்டாரு’ என்றான் என்னிடம். கூடவே நின்று கேட்டவள் நான். என்னிடமே சொல்கிறான்.

வீட்டில் புலி. அத்தை குழம்பில் உப்பைக் கூட்டினாலோ, பிள்ளை வீட்டுப் பாடத்தைத் தப்பாக எழுதினாலோ ஒன்றும் பேசமாட்டான், கை பக்கிளுக்குப் போகும். அவ்வளவுதான், வீட்டில் மூச்சுச் சத்தம் கேட்காது. அடித்திருக்கிறானா என்று அம்மா ஒருமுறை துருவிக் கேட்டபோது, எப்போதோ ஒருதரம்தான் என்று அத்தை சொன்னாள். கை அங்கே போவது மட்டும் தினசரி. அத்தை அவனிடம் பேசும்போது முகத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். தூ, இவனெல்லாம் ஒரு ஆம்பளை.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் அவனுக்கு நடந்த ராஜ உபசாரத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். வந்தால் கோழி அடிக்க வேண்டும். அப்பா தெருமுனைவரை போய்க் கூட்டிவர வேண்டும். முதல் இலை அவனுக்கு. ஒரு தீபாவளிக்கு அப்பா பேன்ட் துணிக்குப் பதிலாக நல்ல வேட்டியாக எடுத்துக் கொடுத்துவிட்டார். பெல்ட் போடுகிறவனுக்கு வேட்டி கொடுத்துக் கேவலப்படுத்திவிட்டார்களாம். மறுநாளே அத்தையையும் கைப்பிள்ளையையும் பஸ் ஏற்றி எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிட்டான். அத்தை தலைமாட்டில் பையை வைத்துக்கொண்டே படுத்திருந்தாள். பொங்கல்வரை அப்பா கம்பத்துக்கு நடையாய் நடந்தார், கடைசியில் பேன்ட் துணி, சட்டைத் துணி, அதற்கு மேல் ஒரு வாட்ச். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் ஒரே சட்டம்தான். மாப்பிள்ளை மனசு கோணக்கூடாது. அம்மா தும்மினால்கூட அவன் இல்லாத பக்கமாகத் திரும்பித்தான் தும்முவாள்.

பாம்பு கடித்தது அத்தை மகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த வருடம். அப்போது நான் தேனியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். அன்று காலை எங்கள் திராட்சைத் தோட்டத்தில் குலை வெட்டு. பந்தலுக்கு அடியில் அப்பாவும் நாலைந்து ஆட்களும் ஆளுக்கொரு கத்தரியோடு வெட்டிக்கொண்டிருந்தார்கள். தன் வீட்டுக்கு ஒரு பெட்டிப் பழம் எடுக்க எஸ்டேட் ஜீப்போடு அவனும் வந்திருந்தான். வாய்க்கால் ஓரம் சருகுக்குள் கால் வைத்த அப்பாவைக் கணுக்காலுக்கு மேல் ஏதோ கடித்துவிட்டுப் போனது. என்ன பாம்பு என்று யாரும் சரியாகப் பார்க்கவில்லை. ஆட்கள் குச்சியை எடுத்துக்கொண்டு தேடினார்கள். இவன் பெல்ட்டை உருவி, அப்பாவின் முழங்காலுக்குக் கீழே சுற்றி, நுனியைப் பிடித்து ஒரு காலை ஊன்றி இழுத்தான். மாடு கட்டுகிறவன்கூட அப்படி இழுக்கமாட்டான் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பாம்புக்கடி என்றால் கட்டுப் போடுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற தப்புதான். துண்டைக் கிழித்துக் கட்டுவார்கள், அது வழியிலேயே பாதி தளர்ந்துவிடும், பிழைத்துக்கொள்வார்கள். இது தளர்கிற சாமானா? ஜீப் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் ஆட்கள் பாம்பை அடித்துவிட்டார்கள். தண்ணிப்பாம்பு. அதிலும் குட்டி. அம்மா அதைக் கேட்டுத் தலையில் அடித்துக்கொண்டு ரோட்டுக்கு ஓடியபோது ஜீப் ஊரைத் தாண்டிவிட்டது. செல்போன் அப்போது ஊரில் நாலைந்து பேர் வைத்திருந்தார்கள். அவனிடம் இல்லை.

பக்கத்தில் கம்பத்திலேயே பெரியாஸ்பத்திரி இருந்தது. அங்கே போகவில்லை. அங்கே எவனும் தன்னை மதிக்கமாட்டான் என்றானாம். மார்க்கையன்கோட்டையில் விஷக்கடிக்குப் பார்க்கிற ஒருவர் தனக்கு வேண்டியவர் என்று வண்டியை அங்கே விடச் சொன்னான். அவர் ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தார். வருவார், வருவார் என்று அவர் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்திக் காத்துக்கிடந்தார்கள். வந்த அந்த மனிதர் பார்த்தவுடனேயே முதலில் கட்டைத் தளர்த்தச் சொன்னார். இவன் நெம்பிப் பார்த்தான். வீங்கிய சதைக்குள் நாக்கு புதைந்துவிட்டது, கழலவில்லை. கழலவில்லை என்று சொல்ல வாய் வரவேண்டுமே. தளர்த்தினால் விஷம் தலைக்கு ஏறிவிடும், தேனியில் தனக்குத் தெரிந்த டாக்டரிடமே காட்டிக்கொள்கிறேன் என்று வண்டியைக் கிளப்பினான். வழியில் அப்பா, கால் மரத்துப் போகிறது, கொஞ்சம் தளர்த்தலாமா மாப்பிள்ளை என்று கேட்டிருக்கிறார். பேசாமல் வரச் சொல்லி அதட்டியிருக்கிறான். இதையெல்லாம் டிரைவர் பிற்பாடு எங்களிடம் அழுதுகொண்டே சொன்னார்.

தேனியில் அவனுக்குத் தெரிந்த டாக்டர் என்பது தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கட்டிக் கொடுத்த கம்பவுண்டர். அந்த ஆள் வேலையை விட்டுப்போய் எவ்வளவோ காலமாகியிருந்தது. அங்கே சேர்க்கமாட்டோம் என்று சொன்ன பிறகுதான் அரசு ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். டிரைவர் கடைக்குப் போன் போட்டுச் சொல்ல, நான் ஓடிப்போய் நின்றபோது மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. அப்பாவின் பாதம் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. நான் தொட்டேன். தொட்டது அவருக்குத் தெரியவில்லை.

டாக்டர் கத்திரியை எடுத்தார். அவ்வளவு நேரம் ஓரமாக நின்றவன் குறுக்கே வந்து விழுந்தான்.

“சார் சார், வெட்டிராதீக. ஃபாரின் பெல்ட்டு சார். இருங்க, நாங் கழட்டுறேன்.”

கையை வைத்து மறைத்துக்கொண்டு அந்தச் சிங்கத்தின் தாடையை நோண்டுகிறான். வேர்த்து ஒழுகுகிறது. நகம் பிய்ந்து அவன் ரத்தமும் அப்பாவின் காலில் வழிகிறது. அப்பா கண்ணைத் திறந்து, ‘மாப்பிள்ளைக்குக் கையில காயம், பாருங்க’ என்று நர்ஸிடம் சொல்கிறார். நான் அதைக் கேட்டுக்கொண்டு நிற்கிறேன். கடைசியில் டாக்டர் ஆளை விட்டு அவனை வெளியே தள்ளச் சொல்லிவிட்டுப் பெல்ட்டை வெட்டினார். ரத்தத்தைச் சோதித்தார்கள், மறுபடியும் சோதித்தார்கள். விஷத்துக்கு அடையாளமே இல்லை, காலைக் கெடுத்தது இந்தக் கட்டுதான் என்று அவனைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு, என்னையும் அவனையும் நிறுத்தி வைத்து டாக்டர் சொன்னார். இவன் கட்டிலுக்கு அடியில் குனிந்து பக்கிளைத் தேடிக்கொண்டிருந்தான்.

மதுரைக்குக் கொண்டுபோனோம். காலைக் காப்பாற்ற முடியவில்லை.

அந்தப் பக்கிளுக்குப் புது வார் போட்டுக்கொண்டுதான் அவன் அப்பாவைப் பார்க்க வந்தான். வந்தவன் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கட்டில்காரரிடம், சரியான நேரத்தில் தான் கட்டுப் போட்டதால் உயிர் தங்கியது, காலோடு போனது என்று விளக்கிக்கொண்டிருந்தான். நாலு கேள்வி கேட்கிறேன் என்று எழுந்தேன். அப்பா என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். தேனியில் டாக்டர் சொன்னது வெளியே யார் காதுக்கும், அதிலும் முக்கியமாக அத்தை காதுக்குப் போகவே கூடாது என்று சத்தியம் வாங்கினார். பாம்பை அடித்த ஆட்களிடமும் டிரைவரிடமும் அதே சத்தியம்தான். அத்தைக்குத் தெரிந்தால் கேட்பாள், கேட்டால் அவன் அவளைத் துரத்துவான் என்பது அவர் கணக்கு. அத்தையும், புருஷன்தான் அண்ணன் உயிரைக் காப்பாற்றினான் என்று நம்பிக்கொண்டு, அவன் காலைக் கழுவிக் குடிக்காத குறையாக இருந்தாள். தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அப்பா வீட்டோடு உட்கார்ந்தார். இவன் குமுளி, கம்பம், சின்னமனூர் என்று போகிற இடமெல்லாம் பக்கிளைத் தட்டிக் காட்டித் தன் கதையைச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அத்தை மகள் வயசுக்கு வந்தாள். கம்பத்தில் மண்டபம் பிடித்துச் சடங்கு வைத்தார்கள். தாய்மாமன் சீர் எங்கள் அப்பாவுடையது. கட்டைக் காலை மாட்டிக்கொண்டு, என் தோளைப் பிடித்துக்கொண்டு, மாலையோடு மேடை ஏறினார். கீழே உட்கார முடியாது என்று நாற்காலி கேட்டேன். நாற்காலியை இவனே தூக்கிக்கொண்டு வந்தான். வந்தவன் சும்மா போட்டுவிட்டுப் போகக்கூடாதா? சபையைப் பார்த்துத் திரும்பி, இந்தப் பெல்ட் மட்டும் அன்றைக்கு இல்லையென்றால் இந்தப் பிள்ளைக்கு இன்றைக்குத் தாய்மாமனே கிடையாது என்றான். நாலு பேர் ‘ஆமாமா’ என்றார்கள். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. சத்தியமாவது ஒன்றாவது.

“பாம்புல விசமே இல்ல மாமா. காலக் கெடுத்தது ஒங்க பெல்ட்டு. டாக்டரு ஒங்க மொகத்துக்கு நேராத்தேன சொன்னாரு” என்றேன்.

தட்டைப் பிடித்துக்கொண்டு நின்ற அத்தை என்னைப் பார்த்தாள். அவன் கொஞ்சம்கூட அசரவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும் என்றான். அப்படித் தப்பாக இருந்தால் கட்டுப் போட்டுக்கொண்டவருக்குத் தெரியாதா, அவரையே கேளுங்கள் என்று அப்பா பக்கம் கையை நீட்டினான்.

“சொல்லுங்க மச்சான். அன்னைக்கு நீங்க வேணாம்னு ஒரு வார்த்த சொன்னீகளா?”

அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. சபையில் கேட்டால் சபைக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிற ஆள். குரலில் வருத்தமோ கோபமோ கிடையாது, வழி கேட்டவனுக்கு வழி சொல்கிற மாதிரிச் சொன்னார்.

“தளத்தச் சொல்லிக் கேட்டேன் மாப்ள, நீங்க கூடாதுன்னீக. கொல வெட்டுன கத்தரி என் மடியிலயேதேன் இருந்துச்சு. ரெண்டு நறுக்குப் போட்டா வந்துருக்கும். போட்டா நீங்க கோவிச்சுக்கிட்டு இவளப் பஸ்ஸேத்தி விட்ருவீகளேன்னு கைய வெளிய எடுக்கல.”

மனுஷ ஜென்மமாக இருந்தால் அந்த இடத்தில் தலை குனிந்திருக்கும். என் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். டிரைவர் எழுந்து வெளியே போய்விட்டார். அவனுக்கு முகம் மலர்ந்தது. பொய் இல்லை, மலர்ந்தது. சபையைப் பார்த்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சொன்னான்.

“கேட்டீகளா? காலே போனாலும் எம்பேச்ச மீற மாட்டாக எங்க மச்சான்.”

அத்தை தட்டைக் கீழே வைத்தாள். மகளைக் கையைப் பிடித்து எழுப்பி, மாலையோடு மேடையை விட்டு இறக்கி எங்கள் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினாள். திரும்பிப் போகிற வண்டியில் தனக்கும் பிள்ளைக்கும் இடம் வேண்டும் என்றாள். அப்பா பதறிப்போய், வேணாம்த்தா, மாப்ள மனசு கோணிரும் என்றார். அத்தை அவருடைய முகத்தைப் பார்த்துத்தான் பேசினாள்.

“இன்னொரு காலு இருக்குண்ணே ஒங்களுக்கு. அதையும் எனக்காகக் குடுத்துராதீக.”